நாலு காய், ஒரு புதிர்: எந்திரத்துக்குப் படைக்கத் தெரியுமா?

பழைய செஸ் புதிர் புத்தகம் எதைத் திறந்தாலும் ஒவ்வொரு பலகைப் படத்துக்கும் மேலே அமைத்தவர் பெயரும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் தமிழ் பேசும் ஓரத்தில் இன்று பிள்ளைகள் போனில் போடும் புதிர்களுக்கு அப்படி ஒரு வரி கிடையாது. ஒரு எண் இருக்கும், எவ்வளவு கடினம் என்று ஒரு மதிப்பெண் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் என்னிடம் செஸ் பழக வரும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதைக் கவனித்துவிட்டுக் கேட்டாள்: “மாஷே, இதை யாரு உண்டாக்கினது?”

அவள் பார்த்துக்கொண்டிருந்தது லிச்செஸ் என்ற இணையச் செஸ் தளத்தின் புதிர். அதை யாரும் உட்கார்ந்து அமைக்கவில்லை. உலகெங்கும் மனிதர்கள் ஆடிய கோடிக்கணக்கான ஆட்டங்களை ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சின் அலசுகிறது. சரியான மூவ் ஒன்றே ஒன்றுதான் என்று தெரிகிற நிலைகளை மட்டும் பிரித்தெடுத்துப் புதிராக்கிவிடுகிறார்கள். அப்படிச் சேர்ந்தவை 40 லட்சத்துக்கும் மேல். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஆடியவர்கள் இரண்டு பேர், பொறுக்கியது எந்திரம்.

2025 அக்டோபரில் விஷயம் இன்னொரு படி ஏறியது. கூகுளின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவான டீப்மைண்டின் ஆய்வாளர்கள் லிச்செஸ்ஸின் சுமார் 40 லட்சம் புதிர்களைக் கொடுத்துப் பழக்கி, புதிய நிலைகளைத் தானே உருவாக்குகிற ஒரு நிரலைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அது தந்தவற்றில் தேர்ந்தெடுத்தவை ஒரு சிறு தொகுப்பாகவும் வந்தன. கிராண்ட்மாஸ்டர்கள் ஜொனாதன் லெவிட், மாத்யூ சாட்லர், புதிர் அமைப்பில் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற அமாட்சியா அவ்னி ஆகிய மூவரும் அதைப் பார்த்து, படைப்பாற்றல் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள்.

எந்திரத்துக்குப் படைப்பாற்றல் உண்டா என்று கவிதையிலோ ஓவியத்திலோ கேட்டால் வாக்குவாதம் எங்கே போய் முடியும் என்றே தெரியாது. செஸ் புதிரில் அந்தச் சிக்கல் பாதிதான். ஒரு புதிர் சரியா தப்பா என்பதை ஐயமில்லாமல் சொல்லிவிடலாம். சரி பார்க்கிற வேலையைக் கழித்துவிட்டால், படைப்பு என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது மட்டும் தனியாகத் தெரியும். அதனால்தான் இந்தக் கேள்வியைச் செஸ் பலகையில் வைத்துப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

தொடங்குமுன் ஒன்று. இங்கே வீட்டில் யானை என்று சொல்கிற காய் பள்ளிக்கூடத்தில் தேர் ஆகிவிடும். அங்கே ஆனை என்றால் வேறு காய். குழப்பம் வேண்டாம் என்று ரூக், பிஷப் என்றே எழுதுகிறேன்.

புதிர் அமைப்பது தனி வேலை. நன்றாக ஆடுகிறவர் எல்லோருக்கும் அது வராது. முதலில் ஒரு கற்பனை வேண்டும்: இப்படி ஒரு விசித்திரம் பலகையில் நடக்குமா என்கிற எண்ணம். அப்புறம் அதைக் காய்களால் கட்டி எழுப்ப வேண்டும், அதுவும் ஒரு காய்கூடச் சும்மா நிற்காதபடி. கடைசியில் சோதனை: முதல் மூவ் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். வேறு வழியிலும் மேட் (எதிர் ராஜா தப்ப வழியில்லாத முற்றுகை) வந்துவிட்டால் அந்தப் புதிர் கெட்டது, எவ்வளவு அழகாக இருந்தாலும் குப்பைதான். பாதிக்கு மேல் உழைப்பு கட்டுவதிலும் சோதிப்பதிலும் போய்விடும்.

நான் பிள்ளைகளுக்கு முதலில் காட்டுகிற புதிர் 1921-இல் செஸ் மேதை ரிச்சர்ட் ரேட்டி வெளியிட்டது. பலகையில் நாலே காய்கள். (கட்டங்களின் பெயர்: வெள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எழுத்து, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண்.) வெள்ளை ராஜா எச்8 மூலையில், வெள்ளைச் சிப்பாய் சி6-இல். கறுப்பு ராஜா ஏ6-இல், கறுப்புச் சிப்பாய் எச்5-இல். வெள்ளை ஆட வேண்டும். தோற்காமல் டிரா செய்ய வேண்டும்.

பார்த்த உடனே யாரும் கையை விரித்துவிடுவார்கள். கறுப்புச் சிப்பாய் நாலு அடி வைத்துக் கடைசி வரிசையை எட்டினால் ராணியாகிவிடும். வெள்ளை ராஜா அதைத் துரத்தினால் இரண்டு மூவ் தாமதமாகத்தான் போய்ச் சேரும். சரி, தன் சிப்பாயைக் காப்பாற்றலாம் என்றால் அது பலகையின் அந்தக் கோடியில் நிற்கிறது, பக்கத்திலேயே கறுப்பு ராஜா. இரண்டு வேலையில் ஒன்றுக்குக்கூட நேரம் போதாது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் போதும் என்பதுதான் ரேட்டி கண்டது.

வெள்ளை ராஜா மூலைவிட்டமாக இறங்குகிறது: ஜி7. கறுப்புச் சிப்பாய் எச்4. ராஜா எஃப்6. இப்போது சிப்பாய் இன்னும் ஓடி எச்3 வந்தால், வெள்ளை ராஜா இ7-க்குப் போய்த் தன் சிப்பாய்க்குத் துணை நின்றுவிடும். இரண்டு பக்கமும் ராணி, ஆட்டம் டிரா. அதைத் தடுக்கக் கறுப்பு ராஜா பி6-க்கு வந்து வெள்ளைச் சிப்பாயைக் குறிவைத்தால், வெள்ளை ராஜா இ5-இல் வந்து நிற்கும். அந்த ஒரு கட்டத்தில் புதிர் முழுக்க அடங்கியிருக்கிறது. கறுப்பு ராஜா சிப்பாயை வெட்டினால், வெள்ளை எஃப்4, பிறகு ஜி3 என்று போய் எச் வரிசைச் சிப்பாயைப் பிடித்துவிடும். வெட்டாமல் சிப்பாயை ஓட்டினால், வெள்ளை டி6-க்குப் போய்த் தன் சிப்பாயை ராணியாக்கிவிடும். கறுப்பால் ஒன்றைத்தான் தடுக்க முடியும்.

காகிதத்தில் அளவுகோல் வைத்தால் மூலைவிட்டம் நேர்கோட்டைவிட நீளம். பலகையில் ராஜாவுக்கு அந்தக் கணக்கு கிடையாது. எச்8-இலிருந்து இ5-க்கு மூன்றே மூவ். அந்த மூன்றில் அது மூன்று வரிசை கீழேயும் இறங்கியிருக்கிறது, மூன்று வரிசை பக்கவாட்டிலும் நகர்ந்திருக்கிறது. எல்லோரும் அறிந்த விதிதான். ஆனால் நாலு காயை இந்த நாலு கட்டத்தில் வைத்த பிறகுதான் அந்த விதிக்குள் இப்படி ஒரு அற்புதம் ஒளிந்திருப்பது தெரிகிறது. பிள்ளைகள் இ5-ஐக் கண்டுபிடிக்கும்போது போடுகிற கூச்சலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

இனி எந்திரத்தின் பக்கம் வருவோம். அது இந்தத் துறைக்குள் நுழைந்தது சோதனை வாசல் வழியாக. 1951 நவம்பரில் மான்செஸ்டரில், ஃபெரான்டி மார்க் 1 கணினியில் டீட்ரிச் பிரின்ஸ் எழுதிய நிரல் ஓடியது. முழு ஆட்டம் ஆட அந்தக் கணினிக்கு வலு இல்லை. அதனால் அவர் இரண்டு நகர்வில் மேட் செய்யும் புதிருக்கு விடை தேடுவதை மட்டும் அதற்குக் கொடுத்தார். பொதுப்பயன் கணினி ஒன்றில் ஓடிய முதல் செஸ் நிரலே புதிர் தீர்க்கும் நிரல்தான் என்பது பலருக்குத் தெரியாது. டீப் புளூ என்ற கணினி உலக சாம்பியன் காஸ்பரோவை வென்ற 1997-ஐத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

1980-களிலிருந்து பாப்பாய் போன்ற சோதனை நிரல்கள் புதிர் அமைப்பவர்களின் அன்றாடக் கருவியாகிவிட்டன. இன்று புதிர் இதழ்களில் பலகைப் படத்துக்குக் கீழே ‘சி+’ என்று ஒரு சின்னக் குறி இருக்கும். கணினி சோதித்துவிட்டது, ஓட்டை இல்லை என்று பொருள். இதை யாரும் குறையாக நினைப்பதில்லை. கற்பனை என்னுடையது, கட்டியது நான், ஒழுகுகிறதா என்று பார்த்தது எந்திரம் என்று வேலை பிரிந்துவிட்டது.

அடுத்து வந்ததுதான் கேள்வியைக் கிளப்பியது. மேட் ஆன நிலையிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு படியாகக் கணக்கிட்டுக்கொண்டே போனால், குறைந்த காய்கள் உள்ள எல்லா நிலைகளுக்கும் தவறே இல்லாத விடை கிடைத்துவிடும். இதற்கு டேபிள்பேஸ் என்று பெயர். பெல் லேப்ஸில் கென் தாம்ப்சன் செய்த வேலை இதில் முன்னோடி. 2012-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் லொமனோசவ் சூப்பர்கம்ப்யூட்டர் ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய் வரைக்கும் முடித்தது. ஏழு காய் வரையுள்ள நிலைகள் சுமார் 424 லட்சம் கோடி.

அந்தப் பெருங்கிடங்கில் ரேட்டியின் நிலையும் ஒன்று. கேட்டால் ‘டிரா’ என்று சொல்லும். அதற்கு இப்புறமும் அப்புறமும் இருக்கும் எண்ணற்ற நாலு காய் நிலைகளுக்கும் அதே போல ‘டிரா’, ‘வெற்றி’ என்று சொல்லும். எல்லாவற்றையும் அறிந்த அந்தக் கிடங்குக்கு, இவற்றில் எதைப் பார்த்து ஒரு பிள்ளை கூச்சல் போடும் என்பது மட்டும் தெரியாது.

மறுகோடியில் இன்னொரு நிலையும் அதே கிடங்கில் இருக்கிறது. ஒரு பக்கம் ராஜா, ராணி, சிப்பாய்; எதிர்ப்பக்கம் ராஜா, ரூக், பிஷப், குதிரை. ஐம்பது நகர்வு விதியை (ஐம்பது நகர்வுகளில் வெட்டும் இல்லை, சிப்பாயும் நகரவில்லை என்றால் டிரா கேட்கலாம்) ஒதுக்கிவைத்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் மிகச் சரியாக ஆடினால் 549 நகர்வுகளில் மேட். நடுவில் வரும் நூற்றுக்கணக்கான மூவ்கள் ஏன் அப்படி என்று எந்த கிராண்ட்மாஸ்டராலும் விளக்க முடியாது. அது உண்மை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதைப் புதிர் என்று யாருக்கும் கொடுக்க முடியாது. தெரிந்துகொண்டோம் என்கிற நிறைவு கடைசிவரை வராது.

ஆக, தேட வேண்டிய எல்லாவற்றையும் தேடி முடித்த பிறகும், எதைச் சுட்டிக்காட்டுவது என்கிற வேலை அப்படியே பாக்கி இருக்கிறது. எந்திரப் படைப்பாற்றல் என்ற பேச்சின் மையமே இதுதான் என்பது என் எண்ணம். அந்தச் சுட்டிக்காட்டலையும் எந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா?

முழுப் பலகையில் காயைக் கண்டபடி தூவிப் பார்த்து அதைச் செய்ய முடியாது. அம்பலப்புழைக் கதையை இங்கே தெரியாதவர் கிடையாது. கண்ணன் வேடம் மாறி வந்து ராஜாவைச் சதுரங்கத்தில் ஜெயித்து, முதல் கட்டத்துக்கு ஒரு மணி அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நாலு என்று கேட்ட கதை. 64 கட்டமும் முடியும்போது மொத்தம் 20 இலக்க எண். செஸ்ஸில் ஆடக்கூடிய ஆட்டங்கள் எத்தனை என்று 1950-இல் கணித அறிஞர் கிளாட் ஷானன் போட்ட மதிப்பீடு, ஒன்றுக்குப் பின் 120 பூஜ்யம். அந்த ராஜாவின் கடன் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தூவிப் பார்த்தால் கிடைப்பதில் ஏறக்குறைய எல்லாமே சோபையற்ற நிலைகளாக இருக்கும். எங்கே தேடுவது என்பதற்கு ஒரு ருசி வேண்டும்.

மலேசியாவில் யூனிவர்சிட்டி தெனாகா நேஷனலைச் சேர்ந்த அஸ்லான் இக்பால் அந்த ருசியைச் சூத்திரமாக எழுதிப் பார்த்தவர். மலாயா பல்கலைக்கழகத்தில் அவருடைய முனைவர் ஆய்வே அழகைக் கணக்கிடுவது பற்றித்தான். குறைந்த காய்களில் வேலை முடிகிறதா, பெரிய காய் தியாகம் செய்யப்படுகிறதா என்பது போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டினார். அவருடைய ‘செஸ்தெட்டிகா’ என்ற நிரல் மூன்று நகர்வு மேட் போன்ற புதிர்களைத் தானாக அமைக்கும். செஸ் நிலைகளின் இயல்புகளோடு ஓவியம், புகைப்படம் இவற்றின் இயல்புகளையும் எண்களாக்கிக் கலந்து அதிலிருந்து புதிர் எடுக்கும் முறை ஒன்றையும் அவர் குழுவினர் 2016-இல் நூலாக வெளியிட்டார்கள். ஒரு புகைப்படத்துக்கும் பலகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். மனித மனம் சம்பந்தமில்லாத இடத்திலிருந்தும் பொறி எடுக்கிறது, எந்திரமும் ஏன் எடுக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். துணிச்சலான முயற்சி. வந்த புதிர்கள் ரேட்டியின் வரிசையில் நிற்பவை என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அழகுக்கு மதிப்பெண் போட முடியும் என்று சிரமப்பட்டுக் காட்டியவர்களில் அவர் ஒருவர்.

டீப்மைண்ட் குழு எடுத்த வழி வேறு, எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. அழகு என்ன என்று அவர்கள் நேராக வரையறுக்கவில்லை. ‘எதிர்பாராதது’ என்பதை அளந்தார்கள். எஞ்சினை ஒரு நிலையை மேலோட்டமாகப் பார்க்கச் சொன்னால் ஒரு மூவ் அதற்கு உருப்படாததாகத் தெரிகிறது. ஆழமாகத் தோண்டச் சொன்னால் அதே மூவ்தான் சிறந்தது என்கிறது. மேலோட்டப் பார்வைக்கும் ஆழ்ந்த பார்வைக்கும் இடையே இடைவெளி எவ்வளவு பெரியதோ, நிரலுக்கு அவ்வளவு அதிகப் பரிசு, அதாவது மதிப்பெண். நாம் ஒரு புதிரைப் பார்த்து முதலில் ‘சே, இருக்காது’ என்றும், பிறகு ‘அட!’ என்றும் சொல்கிறோமே, அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை எண்ணாக்கிவிட்டார்கள். கூடவே, சரியான மூவ் ஒன்றுதானா என்பதற்கும் பரிசு உண்டு. வெறும் பரிசை நோக்கியே ஓடவிட்டால் நிரல் ஒரே மாதிரி நிலையைத் திரும்பத் திரும்பச் சுட்டுத் தரும், ஆட்டத்தில் வரவே வராத காய்க்குவியலை நிறுத்தும். அதனால் ஒன்றைப்போல் ஒன்று இருக்கக் கூடாது, நிலை இயல்பாக இருக்க வேண்டும் என்பவற்றையும் பரிசுக் கணக்கில் சேர்த்தார்கள்.

பலன் என்ன? புதிர்களைப் பார்த்து மட்டும் பழகிய நிரல் தந்தவற்றில் 0.22 சதவீதம்தான் எதிர்பாராத வகை. பரிசு முறையில் பழக்கியபின் அது 2.5 சதவீதம் ஆனது. பழகுவதற்குக் கொடுத்த புதிர்த் தொகுதியிலேயே அந்த வகை 2.1 சதவீதம்தான். ஆசிரியரின் விகிதத்தை மாணவன் தாண்டிவிட்டான். நிபுணர்கள் மதிப்பிட்டபோது, புத்தகப் புதிர்களைவிட இவை படைப்பூக்கம் மிக்கவை என்றும், பழைய மேதைகளின் அமைப்புகளை நெருங்குகின்றன என்றும் வந்தது.

இந்த 2.5-ஐ இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். நூறில் தொண்ணூற்றேழுக்கு மேல் அந்த உரைகல்லில் தேறாமல் போகிறது. தேறியதிலிருந்தும் மனிதர்கள் பொறுக்கித்தான் தொகுப்பு போட்டார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. புதிர் அமைப்பவர் யாரைக் கேட்டாலும், வெளியிட்டதைவிடக் கலைத்துப் போட்டது அதிகம் என்பார். ஆனால் கலைத்துப் போடும் அந்தக் கை யாருடையது என்பதை மறைக்கக் கூடாது. எந்திரப் புதிர் அச்சாகும்போது நிரலின் பெயர், அதற்கு அளவுகோல் எழுதியவர்கள், தேர்ந்தெடுத்தவர், ஆண்டு எல்லாம் மேலே வர வேண்டும். ‘ஏஐ செய்தது’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவது எந்திரத்துக்கும் நியாயமில்லை, மனிதருக்கும் நியாயமில்லை.

எந்திரம் எதையும் சுயமாகத் தோற்றுவிக்காது, நாம் ஏவத் தெரிந்ததைத்தான் செய்யும் என்று கணினித் துறையின் முன்னோடி ஏடா லவ்லேஸ் 1843-லேயே எழுதிவிட்டார். 1950-இல் இன்னொரு முன்னோடியான ஆலன் டூரிங் அதற்குப் பதில் சொன்னார்: எந்திரங்கள் என்னை அடிக்கடி ஆச்சரியப்படுத்துகின்றனவே. இந்த இரண்டு பேரில் யார் பக்கம் என்று கேட்டால், புதிர்ப் பலகையைப் பொறுத்தவரை நான் டூரிங் பக்கம். பார்த்த கணத்தில் ‘இருக்காது’ என்று தோன்றி, பிறகு மனத்தைத் திறந்துவிடும் ஒரு நிலையை யாரோ எதுவோ முதன்முதலாக நிறுத்திக் காட்டினால், அது படைப்பு. சதையும் ரத்தமும் உள்ளது செய்தால்தான் படைப்பு என்று நிபந்தனை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் படைப்பில் வகைகள் உண்டு. படைப்பாற்றலை ஆராய்ந்த மார்கரெட் போடன் அதை மூன்றாகப் பிரிக்கிறார்: இருப்பவற்றைச் சேர்ப்பது, ஒரு வெளிக்குள் தேடிக் கண்டெடுப்பது, அந்த வெளியையே மாற்றிவிடுவது. முதல் இரண்டில் எந்திரம் வந்துவிட்டது. மூன்றாவதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1845-இல் டெல்லியிலிருந்த பாதிரியார் ஹென்றி அகஸ்டஸ் லவ்டே, ‘ஷாகிர்த்’ என்ற புனைபெயரில் ஒரு நாலு நகர்வு மேட் புதிரை லண்டன் இதழுக்கு அனுப்பினார். வெள்ளை தன் பிஷப்பை வேண்டுமென்றே தூரத்துக்கு ஒதுக்குகிறது, அதன் வழியில் தன் ரூக்கையே குறுக்கே நிறுத்துகிறது, நகர வழியில்லாத கறுப்பு ராஜாவுக்கு ஒரு மூவ் கொடுக்கிறது, பிறகு ரூக்கை விலக்கி மேட். தன் காயைத் தானே மறிப்பது ஓர் உத்தி என்று அதற்குப் பிறகுதான் புதிர் உலகம் தேடத் தொடங்கியது. இன்றும் அதற்கு இந்தியன் தீம் என்றுதான் பெயர். அதுவரை எதை அழகு என்று எண்ணினார்களோ, அந்த அளவுகோலே அதன் பிறகு மாறியது. பரிசை முன்கூட்டியே எழுதிவைத்துத் தேடுகிற நிரலுக்கு, பரிசையே மாற்றி எழுதுவது இன்னும் கைவரவில்லை.

வீம்பு என்ற ஒன்றும் இருக்கிறது. ஜோசஃப் பாப்சன் என்பவர் 1884-இல் கிளப்பிய சவாலிலிருந்து பிறந்தது பாப்சன் டாஸ்க். கறுப்புச் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்கு வந்து ராணியானால், வெள்ளையும் தன் சிப்பாயை ராணியாக்கினால்தான் மேட் வரும். கறுப்பு ரூக் எடுத்தால் வெள்ளையும் ரூக், பிஷப்புக்கு பிஷப், குதிரைக்குக் குதிரை. வேறு எதை எடுத்தாலும் மேட் நழுவ வேண்டும். பிரான்சின் பியேர் துரூமார் ஆண்டுக்கணக்கில் இதோடு மல்லுக்கட்டி, ஆகாது என்று 1982-இல் கைவிட்டார். மறு ஆண்டே கஸானைச் சேர்ந்த கால்பந்துப் பயிற்சியாளர் லியோனித் யாரோஷ் நாலு நகர்வு மேட்டாக அதை அமைத்துக் காட்டினார். ஆட்டத்தில் ஜெயிக்க இது எதற்கும் உதவாது. இப்படி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டதும், முன்பின் தெரியாத இன்னும் பலர் அந்த ஆசையைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டதும்தான் அதைப் பிறப்பித்தது. எந்திரத்திடம் நான் இதுவரை காணாதது இந்த ஆசையைத்தான். அதற்கு வலு போதவில்லை என்று எங்கும் எனக்குத் தோன்றவில்லை.

நம் பிள்ளைகளுக்கு இது தூரத்து விஷயமாக இனி இருக்காது. கேரளத்தில் 2024-25 கல்வியாண்டிலிருந்து ஏழாம் வகுப்பு ஐ.சி.டி. (தகவல் தொழில்நுட்ப) புத்தகத்தில் செயற்கை நுண்ணறிவு பாடமாகவே வந்துவிட்டது, தமிழ் வழியிலும் அது உண்டு. முகபாவத்தைக் கணினி அடையாளம் காணும்படி நிரல் எழுதுவது அதில் ஒரு செயல்பாடு. எந்திரத்துக்கு உதாரணம் காட்டிப் பழக்குவது எப்படி என்று அவர்களுக்குப் பன்னிரண்டு வயதிலேயே புரிகிறது. அதனால் டீப்மைண்டின் பரிசு முறையை விளக்கியபோது அந்தப் பெண்ணுக்குப் பெரிதாக ஆச்சரியம் இல்லை. ‘அப்போ பரிசு எதுக்குன்னு யாரு தீர்மானிக்கறது?’ என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

அவளுக்கும் மற்றவர்களுக்கும் இப்போது ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறேன். ரேட்டியின் நாலு காய்களில் ஏதாவது ஒன்றை ஒரு கட்டம் தள்ளி வைக்க வேண்டும். இன்னும் டிராவா, இல்லை தோல்வியா என்று முதலில் பலகையில் யோசித்து எழுத வேண்டும். பிறகு டேபிள்பேஸ் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். அது இலவசம், விடையும் உடனே வரும். தள்ளி வைத்த நிலையிலும் ஒரு புதிர் இருக்கிறது என்று பட்டால், அதைத் தாளில் வரைந்து, தன் பெயரும் ஆண்டும் போட்டு, மற்றவர்களுக்குத் தீர்க்கக் கொடுக்க வேண்டும். இதுவரை வந்தவற்றில் பெரும்பாலானவை கெட்டவைதான்; இரண்டு வழியில் விடை வருகிறது, அல்லது பார்த்த உடனே தெரிந்துவிடுகிறது. கறுப்பு ராஜாவை நகர்த்தியவர்களைவிட வெள்ளை ராஜாவை நகர்த்தியவர்களின் தாள்கள்தான் அதிகம் திரும்பி வந்திருக்கின்றன. ஏன் என்று அடுத்த ஞாயிறு பேசவிருக்கிறோம்.